வீட்டு ரீடிங்

ஆகஸ்ட் 12

முப்பத்தோரு வருஷம் அணைக்கட்டில் அளவு எழுதியவன் நான். காலை ஆறு மணிக்கு நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம். மூன்றையும் நோட்டில் ஏற்றி, ஆபீசுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் டீ குடிப்பேன். ரிடையர் ஆகி மூன்று வருஷமாகக் கை சும்மா கிடந்தது. இன்றைக்குத் திரும்ப வேலை வந்திருக்கிறது. இந்தத் தடவை அணை, என் சம்சாரம் பஞ்சவர்ணம்.

ஐம்பத்தாறு வயதாகிறது அவளுக்கு. இரண்டு மாதமாக நின்றால் ஒண்ணுக்கு, உட்கார்ந்தால் ஒண்ணுக்கு. ஒரு சீரியல் முடிவதற்குள் மூன்று தடவை எழுந்து போகிறாள். கேட்டால், "சூடுங்க, வேற ஒண்ணுமில்ல" என்பாள். நம் பக்கத்தில் கண் சிவந்தால் சூடு, வயிறு வலித்தால் சூடு, பல் ஆடினாலும் சூடு. வெந்தயம் ஊற வைத்துக் குடித்தாள். பார்லிக் கஞ்சி குடித்தாள். கால் கட்டைவிரலில் சுண்ணாம்பு தடவினாள், தொப்புளில் விளக்கெண்ணெய் விட்டாள். வீட்டுக்கும் கொல்லைப்புறத்துக்கும் அவள் நடந்த நடைக்குப் பழனிக்கே போய் வந்திருக்கலாம். கடைசியில் இன்றைக்கு இழுத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன்.

டாக்டரம்மா சின்ன வயசு. பொறுமையாகச் சொன்னார். "இதுக்கு ஒரே காரணம்னு இல்லீங்க ஐயா. சுகர் இருந்தா அடிக்கடி போகும். நீர்த்தாரையில கிருமி இருந்தா கொஞ்சம் கொஞ்சமாப் போகும், எரியும். பிரஷர் மாத்திரையில சிலது தண்ணியப் பிரிச்சு வெளிய தள்ளும். பிரசவத்துல தசை தளர்ந்திருந்தாலும் அடக்க முடியாது. கல்லு இருக்கலாம். டீ ஜாஸ்தியா குடிச்சாக்கூடப் போகும்." தண்ணீர் ஒன்றுதான், மடை எத்தனை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு பஞ்சவர்ணத்தைப் பார்த்து, "எரியுதாம்மா?" என்றார். "லேசாங்க." "ரத்தம் கலந்து போகுதா?" "சேச்சே, அதெல்லாம் இல்லீங்க." அவள் எந்தக் கேள்விக்கும் இத்தனை வேகமாகப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. கூச்சம் போலிருக்கிறது.

பரிசோதனையில் சுகர் இல்லை. கிருமி இருக்கிறதாம். ஐந்து நாள் மாத்திரை. "முடிஞ்சும் நிக்கலைன்னா கட்டாயம் வாங்க, ஸ்கேன் எடுத்துப் பாத்துரணும்" என்றார். அதோடு மூன்று நாளைக்கு என்னென்ன குடிக்கிறாள், எத்தனை மணிக்கு எவ்வளவு போகிறாள் என்று அளந்து எழுதி வரச் சொன்னார். "வரத்து, வெளியேற்றம்தானே? அது நம்ம தொழிலுங்க" என்றேன். டாக்டரம்மா சிரித்தார். பஞ்சவர்ணம் சிரிக்கவில்லை.

சாயந்திரம் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் மக் ஒன்று வாங்கி வந்தேன். "ஆம்பள கையில இதக் குடுத்துட்டு நிக்கவா? அதுக்கு நாக்கப் புடுங்கிக்கிட்டுச் செத்துரலாம்" என்றாள். கடைசியில் ஒரு உடன்படிக்கை. அவள் உள்ளே அளந்து, ஊற்றிக் கழுவிவிட்டு, அளவைச் சொல்வாள். நான் வெளியே உட்கார்ந்து எழுதிக்கொள்வேன். நான் மக்கைப் பார்க்கக் கூடாது.

ஆகஸ்ட் 13

காலை 5.50: 150. 6.40: 150. 7.15: 150. 8.30: 200. 9.20: 150. 10.05: 150.

வரத்து: டீ இரண்டு, தண்ணீர் நான்கு டம்ளர், கஞ்சி ஒன்று. மத்தியானத்துக்கு மேல் இதே கதைதான். ராத்திரியையும் சேர்த்து மொத்தம் பதினைந்து தடவை.

ஆகஸ்ட் 15

கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். நோட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அணையில் எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. மழை கொட்டும்போது குடையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி, அளவுக்கல்லில் பாசியைத் துடைத்துப் பார்த்து எழுதுவது ரீடிங். சோம்பலில் போர்வைக்குள் இருந்துகொண்டே நேற்றைய கணக்கை வைத்து உத்தேசமாக எழுதுவது வீட்டு ரீடிங். அதைக் கண்டுபிடிப்பது சுலபம். நிஜத் தண்ணீர் முழு எண்ணில் நிற்காது. நாற்பத்தொன்று புள்ளி பதினேழு என்று நிற்கும். மனுஷன்தான் நாற்பத்தொன்றரை என்று எழுதுவான். ஒரே ஒரு தடவை நானும் எழுதிப் பொறியாளரிடம் மாட்டி, காது கருகத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

பஞ்சவர்ணத்தின் மூன்று நாள் கணக்கும் நூற்றைம்பது, நூற்றைம்பது, இருநூறு. இடையில் ஒரு நூற்றிருபது கிடையாது, ஒரு எழுபது கிடையாது. ஆனால் டாக்டரம்மா சொன்னது கொஞ்சம் கொஞ்சமாகப் போகும் என்று.

"இந்தா, இது வீட்டு ரீடிங்" என்றேன்.

"அப்ப நீங்களே வந்து குந்தி அளங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் போகவில்லை. கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷம், அவள் கழிப்பறைக்குப் போகிறாள் என்றாலே நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிறவன். புது நோட்டில் அழகாகப் படி எடுத்து வைத்தேன்.

ஆகஸ்ட் 19

மாத்திரை முடிந்துவிட்டது. "எரிச்சல் இல்லைங்க, சரியாப் போச்சு" என்றாள். மத்தியானம் வரைக்கும் நான் எண்ணியது ஒன்பது. டாக்டரம்மாவிடம் போவோமா என்றேன். "புள்ளைக்கு வளைகாப்பு வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கச் சொல்றீகளா?" என்றாள்.

அதுவும் சரிதான். வினோதினிக்கு இது மூன்றாவது தடவை. முதல் இரண்டும் நான்காம் மாதம் தாண்டவில்லை. இரண்டு தடவையும் கோயம்புத்தூரில் மாப்பிள்ளை வீட்டில் இருக்கும்போது போனது. அதனால் இந்தப் பிள்ளை தன் கையில்தான் பிறக்க வேண்டும் என்று பஞ்சவர்ணம் ஒரே பிடியாக இருக்கிறாள். வளைகாப்பு முடிந்த கையோடு மகளை இங்கே கூட்டி வருகிறோம். வெள்ளையடிக்கிற ஆளுக்குச் சொல்லியாயிற்று.

ஆகஸ்ட் 24

கொல்லையில் சாக்கடைக்குப் பிளீச்சிங் பவுடர் போட்டேன். குளியலறைக் குழாய் வந்து விழுகிற இடத்தில் தண்ணீர் ரோஸ் நிறமாக இருந்தது. என்னவென்று கேட்டேன். வளைகாப்புக்கு எடுத்த சிவப்புப் புடவையை நனைத்தாளாம், சாயம் விடுகிறதாம்.

கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் சாயப்பட்டறையில் கை முக்கி வேலை பார்த்தவள். தறிப்புடவையைத் தொட்டுப் பார்த்தே இது நிற்கும், இது போகும் என்று சொல்லுவாள். அவள் தலையிலேயே சாயம் போகிற புடவையைக் கட்டிவிட்டான் பார் கடைக்காரன்.

கொடியில் புடவை எதுவும் காயவில்லை. உள்ளே மடித்து வைத்துவிட்டாள் போல.

செப்டம்பர் 3

வளைகாப்பு. வேனில் போனோம். முதல் நாள் மத்தியானத்திலிருந்தே பஞ்சவர்ணம் பச்சைத் தண்ணீர் பல்லில் படவிடவில்லை. வழியில் நிறுத்தச் சொல்லக் கூடாதாம். அப்படியும் மூன்று இடத்தில் நிறுத்தினோம். ஒரு இடத்தில் பெட்ரோல் பங்க், இரண்டு இடத்தில் முள்ளுக்காடு. வரத்தே இல்லாமல் வெளியேற்றம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். வேனில் எல்லோரும் சிரித்தார்கள்.

சம்பந்தியம்மா, "என்ன மதினி, மொகம் வெளுத்துப் போச்சு?" என்று கேட்டார். "சூடு மதினி" என்றாள். அந்தம்மாவும் உடனே ஒரு கைவைத்தியம் சொன்னார்.

வினோதினி இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையலோடு உட்கார்ந்திருந்தாள். ஏழாவது மாதம். இதுவரைக்கும் அவளை அப்படி நாங்கள் பார்த்ததில்லை. பஞ்சவர்ணம் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சந்தனம் பூசினாள். சாயந்திரமே மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

செப்டம்பர் 10

வீட்டில் ஒரு கழிப்பறை. ஆள் இரண்டு. எனக்குக் கணக்கே இல்லை, நான் ஆண்பிள்ளை, தோட்டம் இருக்கிறது.

வயிற்றுப்பிள்ளை அழுத்துகிறதாம், வினோதினி ஓடி ஓடிப் போகிறாள். அவள் எழுந்தால் இவள் எழுகிறாள். இவள் உள்ளே இருந்தால் அவள் வாசலில் காலை மாற்றி மாற்றி நிற்கிறாள். "அம்மா, எனக்குப் போட்டியா நீயும் முழுகாம இருக்கியா?" என்று வினோதினி கத்த, தாயும் மகளும் சிரிக்கிற சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

வேடிக்கைக்கு இரண்டையும் எண்ணினேன். மகள் பதிமூன்று. தாய் பதினெட்டு.

செப்டம்பர் 28

இரண்டு நாளாகக் குழாய்த் தண்ணீர் வரவில்லை. மேல்தொட்டியும் காலி. அடிபம்பில் அடித்துக் கொண்டுவந்து வாளியைக் கழிப்பறை வாசலில் வைத்தேன். அதற்குள் பஞ்சவர்ணம் போய்விட்டு, ஊற்றத் தண்ணீர் இல்லாமல் வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

பார்த்துவிட்டேன்.

செப்டம்பர் 29

நேற்று எழுத முடியவில்லை.

ரத்தம். கலந்தது, கலங்கியது என்றெல்லாம் இல்லை, ரத்தம்தான். நடுவே கட்டியாக இரண்டு துண்டு. வாளித் தண்ணீரை அவளே வாங்கி ஊற்றினாள். பிறகு என்னைத் தென்னைமரத்தடிக்குக் கூட்டிப்போனாள். வினோதினி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எம்புட்டு நாளா?"

"ஆனி மாசத்துல இருந்து."

"வலிக்குதா?"

"வலியே இல்லைங்க. அதான் பெருசா நெனைக்கல மொதல்ல. அப்பறம் பயந்துட்டேன்."

"டாக்டரம்மா கேட்டப்ப வாயில என்ன வச்சிருந்த?"

அவள் அழவில்லை. கணக்கு ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். "சொன்னா பெட்டுல போடுவாக. கத்தி வைப்பாக. தாய் ஆஸ்பத்திரியில கெடந்தா புள்ளைய யாரு இங்க அனுப்பி வைப்பா? அங்க ரெண்டு தடவ போச்சு. மூணாவதும் போச்சுன்னா அவ உசுரோட இருக்க மாட்டா. ஒங்களுக்குத் தெரியாது, எங்கிட்ட போன்ல சொல்லிருக்கா. புள்ள பொறக்கட்டும். மறுநாளே நீங்க எங்க கூப்பிட்டாலும் வாறேன்."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. கைகாரி மாதிரி ஏமாற்றியிருக்கிறாள், என் நோட்டிலேயே பொய்க்கணக்கு எழுத வைத்திருக்கிறாள் என்று கோபம். அவள் என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அது இல்லை. "அவ வயித்துப் புள்ள மேல சத்தியம் பண்ணுங்க, அவகிட்டச் சொல்ல மாட்டேன்னு" என்றாள்.

வேறு எதன் மேல் கேட்டிருந்தாலும் பண்ணிவிட்டு மீறியிருப்பேன். இரண்டு போனபின் மூன்றாவதாக நிற்கிற பிள்ளை. அதன் மேல் சத்தியம் செய்துவிட்டு எவன் மீறுவான்? செய்தேன்.

அக்டோபர் 5

நான் மட்டும் டாக்டரம்மாவிடம் போனேன். மகளிடம் சொல்லக் கூடாது என்றுதான் சத்தியம், டாக்டரிடம் சொல்லக் கூடாது என்று இல்லை. இருந்தாலும், சொந்தக்கார அம்மா ஒருத்தருக்கு என்று ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே, "ஒங்க வீட்டம்மாவுக்கா?" என்றார்.

வலியோடு போனால் கல், கிருமி என்று யோசிக்கலாம், வலியில்லாமல் ரத்தம் போவதுதான் பயப்பட வேண்டியது என்றார். மூத்திரப்பையில் கட்டி இருக்கலாம் என்றார். வீட்டில் பீடி சிகரெட் உண்டா, அம்மா சாய வேலை ஏதும் பார்த்திருக்கிறாரா என்று கேட்டார். பீடியை நான் விட்டு ஏழு வருஷம் ஆகிறது. அதுவரைக்கும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் குடித்தேன். சாயப்பட்டறையையும் சொன்னேன். இது இதனால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். நாளைக்கே கூட்டி வரச் சொன்னார்.

நாளைக்கு அஷ்டமி.

அக்டோபர் 6

அஷ்டமி. போகவில்லை.

அக்டோபர் 7

நவமி. போகவில்லை.

அக்டோபர் 8

தசமி. நல்ல நாள். போகவில்லை.

அக்டோபர் 16

கல்யாண வீடு என்று மகளிடம் சொல்லி, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஸ்கேன் எடுக்கப் போனோம். வயிறு நிறையத் தண்ணீர் குடித்து அடக்கி வைத்திருக்க வேண்டும் என்றார்கள். அவளால் முடியவில்லை. மூன்று தடவை குடித்தாள், மூன்று தடவையும் ஓடினாள். நான்காவது தடவை என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பட்டுப்புடவை நனைந்துவிட்டது. மேலே துண்டைப் போட்டு மறைத்துக் கூட்டிப்போனேன்.

இருக்கிறது. நான்கு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று புள்ளி எட்டு. நிஜ ரீடிங்.

டாக்டரம்மா மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதித் தந்தார். உள்ளே குழாய் விட்டுப் பார்த்து, சுரண்டி எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். சதைக்குள் இறங்காமல் இருந்தால் அதோடு தப்பிக்கலாம், இறங்கியிருந்தால் பையையே எடுக்க வேண்டி வரும். ஒரு வாரம்கூடத் தள்ளக் கூடாது. இத்தனையும் அவளை வைத்துக்கொண்டே சொன்னார். அவள் தலையை ஆட்டிக் கேட்டாள்.

பஸ்ஸில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "புள்ள பொறக்க இன்னும் எத்தன நாளுங்க?"

"நாப்பத்தஞ்சு."

"தாங்கும்."

அக்டோபர் 17

அணை தாங்குமா என்று என்னிடம் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். வெள்ள நேரத்தில் கலெக்டர் ஆபீசிலிருந்தே கேட்பார்கள். அளவை மட்டும்தான் சொல்வேன், தாங்கும் என்று ஒருநாளும் என் வாயால் சொன்னதில்லை. நேற்று அவள் சொன்னாள், நான் சும்மா இருந்தேன்.

அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு மதுரைக்குப் போயிருக்க வேண்டும். இதை நான் எழுதத்தான் லாயக்கு. வினோதினி வயிற்றைத் தொட்டுக் காட்டி, "அப்பா, உதைக்குது பாருங்க" என்கிறாள். எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவும் முடியவில்லை, இந்தப் பக்கம் பார்க்கவும் முடியவில்லை.

அக்டோபர் 30

தாய் இருபத்திரண்டு. மகள் பதினான்கு.

பஞ்சவர்ணம் முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமுமாகத் தின்கிறாள். "போற ரத்தம் போகட்டும், ஊறுறது ஊறட்டும்" என்கிறாள். தாய் தனக்காகத்தான் கீரை ஆய்கிறாள் என்று மகள் நினைத்துக்கொண்டு, "எனக்குப் போதும்மா" என்கிறாள்.

நவம்பர் 9

படியேறும்போது மூச்சு வாங்குகிறது. இடுப்பு வலிக்கிறது என்று முதல் தடவையாகச் சொன்னாள். நாளைக்குப் போவோம், சத்தியமாவது மண்ணாவது என்றேன். "இன்னும் இருபத்தோரு நாள் இருக்கு. என்னைய இப்பத் தூக்கிட்டுப் போனா, அவ அதிர்ச்சியில எங்கயாவது விழுந்தா, ஒங்கள நான் மன்னிக்கவே மாட்டேன்" என்றாள்.

தீபாவளிக்கு முறுக்கு சுட வேண்டாம் என்று சொன்னேன். சுட்டுக்கொண்டிருக்கிறாள். இரண்டு ஈடுக்கு ஒரு தடவை எழுந்து போய்விட்டுக் கை கால் கழுவி வருகிறாள். அந்த நேரம் சட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன். நாலு முறுக்கைக் கருக்கிவிட்டேன்.

நவம்பர் 26

காலை 10.20. பெண் குழந்தை. இரண்டு கிலோ எழுநூற்று முப்பது கிராம். இரண்டு பேரும் நலம்.

பிரசவ அறை வாசலில் நாலு மணி நேரம் நின்றாள். நடுவில் ஒன்பது தடவை ஓடினாள். ஒவ்வொரு தடவையும் "நான் வாறதுக்குள்ள பொறந்துரப் போகுது, கூப்பிடுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஓடினாள். நர்சம்மா துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டியபோது அங்கேதான் நின்றாள். முதலில் அவள்தான் வாங்கினாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை அவள் மடியில் ஒண்ணுக்கு அடித்தது. புடவையை மாற்றச் சொன்னார்கள். மாட்டேன் என்றுவிட்டாள். மத்தியானம் வரைக்கும் அந்த ஈரத்தோடேயே இருந்தாள்.

சந்தோஷமாக இருக்கிறேன். இதையும் எழுதிவைக்க வேண்டும், உண்மை இதுதான்.

நவம்பர் 27

மறுநாளே வருகிறேன் என்றாள். இன்றைக்குக் கேட்டால், "பச்ச ஒடம்புக்காரிய விட்டுட்டா? பதினாறு போகட்டும்" என்கிறாள்.

டிசம்பர் 4

காலையிலிருந்து போகவில்லை. ஒரு சொட்டுக்கூட இல்லை. முதலில் நல்லதுதானே என்று நினைத்தேன், புத்தி அப்படிப் போயிற்று. பத்து மணிக்கு அடிவயிறு கல்லாகிவிட்டது. சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். ரத்தக்கட்டி வந்து அடைத்துக்கொண்டதாம். ஆம்புலன்சில் மதுரை. வினோதினி பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, "என்னாச்சு, என்னாச்சு" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "சூடும்மா, நீர்க்கடுப்பு" என்றேன்.

ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு எடுத்தார்கள். பையில் வந்ததைப் பார்த்து எழுதச் சொல்லி நர்சம்மா என்னிடமே பேனாவைக் கொடுத்தார். 1,140 மில்லி.

டிசம்பர் 11

பரிசோதனை முடிவு வந்தது. சதையைத் தாண்டிவிட்டது. ஈரலிலும் இடுப்பெலும்பிலும் இருக்கிறது. பையை எடுத்துப் பிரயோஜனம் இல்லை என்றார் பெரிய டாக்டர். ரத்தம் நிற்க ரேடியேஷன் கரண்டு வைத்து அனுப்புகிறோம், வலிக்கு மருந்து தருகிறோம், வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றார். "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா…" என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அக்டோபரில் வந்திருந்தால் போதுமா, ஆகஸ்டில் வந்திருக்க வேண்டுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. பதில் எதுவானாலும் என்னால் தாங்க முடியாது.

பஞ்சவர்ணத்திடம் சொன்னேன். ஒளிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அங்கே பார்த்தபடியே, "புள்ளைக்கு மஞ்சக்காமாலை எறங்கிருச்சான்னு போன் போட்டுக் கேளுங்க" என்றாள். இறங்கிவிட்டதாம்.

டிசம்பர் 22

நேற்று வீட்டுக்கு வந்தோம். கூடத்தில் கட்டில் போட்டிருக்கிறது. கரண்டு வைத்ததில் ரத்தம் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. தொட்டிலும் அதே கூடத்தில். பிள்ளை அசைந்தால் படுத்தபடியே கையை நீட்டி ஆட்டுகிறாள்.

மாப்பிள்ளை மதுரைக்கு வந்திருந்தபோது டாக்டரிடம் தனியாகப் பேசியிருக்கிறார். இன்றைக்கு மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே வினோதினி ஆரம்பித்தாள். "அப்பா, அம்மாவுக்கு ஆறு மாசமா ரத்தம் போயிருக்கணும்னு டாக்டர் சொன்னாராமே?"

நான் சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தேன்.

"தெனமும் நோட்டுப் போட்டு எழுதுனீங்கல்ல? எத்தன மணிக்குப் போனா, எம்புட்டுப் போனான்னு. என்ன நெறத்துல போகுதுன்னு ஒரு நாளு பாத்தீங்களா?"

கட்டிலில் பஞ்சவர்ணம் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"பாக்கலம்மா."

"ஏன் பாக்கல?"

"பொம்பளைக சமாச்சாரம்னு விட்டுட்டேன்."

"அம்மாவும் சொல்லலையா?"

"அவளுக்குக் கண்ணு சரியாத் தெரியல. நாந்தான் பாத்திருக்கணும்."

கரண்டியைச் சட்டியிலேயே போட்டாள். "ஊருக்கெல்லாம் தண்ணி அளந்தீகளேப்பா. வீட்டுல ஒருத்தி கண்ணு முன்னாடி செத்துக்கிட்டிருந்திருக்கா. நீங்க எண்ணிக்கிட்டு ஒக்காந்திருக்கீக, சிரிச்சுக்கிட்டு." அதற்கு மேல் பேச முடியாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பச்சை உடம்போடு அழக் கூடாதும்மா, பால் வற்றிவிடும் என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னேன்.

திரும்பி வந்து கட்டிலருகே உட்கார்ந்தேன். பஞ்சவர்ணம் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "எதுக்கு இந்தப் பழியத் தூக்கித் தலையில போட்டுக்கிட்டீக? நான் சொல்லிருப்பேன்ல?"

"என்னன்னு சொல்லுவ? ஒனக்காகத்தான் மறச்சேன்னா? அப்பறம் அந்தப் புள்ளையத் தூக்குறப்பல்லாம் அவளுக்கு அதுதான நெனப்பு வரும்."

அவளுக்கு அது தோன்றியிருக்கவில்லை. "ஒங்கள வெறுத்துருவாளே" என்றாள்.

"வெறுக்கட்டும்."

"நான் போனப்பறம் ஒங்களுக்கு அவ ஒருத்திதான?"

அவள் அழுதாள். தென்னைமரத்தடியிலும் அழாதவள், ஆஸ்பத்திரியிலும் அழாதவள், இதற்கு அழுதாள்.

மகளிடம் நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. நூற்றைம்பது, நூற்றைம்பது என்று அவள் சொன்னபோதே எனக்குத் தெரியும். எழுந்து போய் ஒரு தடவை எட்டிப் பார்க்காமல் உட்கார்ந்தே எழுதினேன். சாக்கடையில் சிவப்பைப் பார்த்துவிட்டுக் கடைக்காரனைத் திட்டினேன். சாயந்திரம் வினோதினி காப்பியைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள்.

இப்போது பஞ்சவர்ணத்தால் தனியாக நடக்க முடியாது. நான்தான் தூக்கிப் பிடித்துக் கூட்டிப் போகிறேன். உள்ளேயும் நிற்கிறேன். முதல் தடவை வேண்டாம் என்றாள், பிறகு விட்டுவிட்டாள். மக்கை நானே பிடிக்கிறேன், நானே பார்த்து ஊற்றிக் கழுவுகிறேன்.

இன்றைக்குப் பதினோரு தடவை. 35, 60, 42, 20, 55, 38, 70, 15, 48, 30, 25. பதினொன்றிலும் ரத்தம் இருந்தது.